மலரும் வில்லையும்: பார்வையின் அறம் பற்றிய ஒரு சிந்தனை

தோட்டத்து மலரை நன்றாகப் படம் பிடிப்பது எவ்வாறு என்ற வினா, முதல் நோக்கில் ஒளிப்படக் கருவியோடு மட்டும் தொடர்புடையதாகத் தோன்றும். ஒளியின் அளவு, வில்லையின் இயல்பு, துவாரத்தின் விரிவு, காற்றின் வேகம் ஆகியவற்றை அறிந்தவர் நல்ல படம் எடுப்பார், அறியாதவர் எடுக்கமாட்டார் என்று அதற்கு எளிதாக விடை கூறிவிடலாம். ஆயினும், 'நன்றாக' என்ற சொல் இவ்வினாவினுள் இருக்கும்வரை அது தொழில்நுட்ப வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எதற்கு நன்று, எவருக்கு நன்று, எதனை மறைத்து நன்று என்னும் வினாக்கள் அதனைத் தொடர்ந்து எழுகின்றன. மலைநாட்டிலே, குறிப்பாகக் கந்தப்பளை போன்றதோர் ஊரிலே, இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. அவற்றை ஒழுங்குபட நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கந்தப்பளை, நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வீதியில், கடல்மட்டத்திற்கு மேல் ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த சிற்றூர். சூழவுள்ள சரிவுகளில் தேயிலையும் தாழ்ந்த பகுதிகளில் மரக்கறியும் விளைகின்றன. குளிரும் மூடுபனியும் புளிப்புத்தன்மை வாய்ந்த மண்ணும் இங்கு மலர்ச் செடிகளுக்குப் பெரிதும் இயைந்தவை. ரோசாவும் டேலியாவும் ஹைட்ரேஞ்சியாவும் ஆரம் லில்லியும் சமவெளியிற் காணமுடியாத செழுமையோடு இங்கு மலர்கின்றன. இச்செழுமை இயற்கை தந்தது மட்டுமன்று, வரலாறு தந்ததுமாகும். சாமுவேல் பேக்கர் 1848 இல் நுவரெலியாவிற் குடியேறி ஆங்கில நாட்டுப் பயிர்களையும் கால்நடைகளையும் அங்கு பழக்க முயன்றார். சின்கோனாப் பயிரைப் பரிசோதிக்கும் பொருட்டு 1861 இல் தொடங்கப்பட்ட ஹக்கலைத் தோட்டம் பிற்காலத்தில் ரோசாவுக்குப் பெயர்பெற்ற பூந்தோட்டமாயிற்று. தோட்டத் துரைமாரின் பங்களாக்களைச் சுற்றியும் பூந்தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்கு மண் வெட்டி, நீர் வார்த்து, களை பிடுங்கிய கைகள், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கைகளாகும்.

ஆகவே மலைநாட்டுத் தோட்டங்களில் இருவகைப் பூந்தோட்டங்கள் உள்ளன. ஒன்று பங்களாத் தோட்டம். வேலியும் புல்தரையும் பாத்தியும் கொண்டு, பிறர் உழைப்பால் பேணப்படுவது. மற்றையது லயத்து வாசலில் உள்ள தோட்டம். ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவின் முன்னால், கானுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், பால்மா டின்னிலும் உடைந்த வாளியிலும் எண்ணெய்த் தகரத்திலும் வளர்க்கப்படுவது. அந்நிலம் பெரும்பாலும் அங்கு வாழ்வோருக்கு உரிமையானதன்று. நாளைக்கும் நமதாக இருக்குமோ என்று உறுதியில்லாத நிலத்தில், பசியையோ கடனையோ தீர்க்காத ஒரு செடியை நட்டு வளர்ப்பது எளிய செயலன்று. படம் பிடிக்கச் செல்பவர் இவ்விரு தோட்டங்களுள் எதன் முன் நின்றாலும், அவருடைய வில்லை ஒரு மலரை மட்டும் நோக்குவதில்லை என்பது மனங்கொளத்தக்கது.

இனி, நல்ல படத்திற்குரிய முறைகளைச் சிறிது நோக்குவோம். மலர்ப்படத்திற்கு உச்சிவெயில் ஏற்றதன்று. கடுமையான ஒளியில் இதழின் மென்மை வெளிறிப்போக, நிழல் கரியதாகிவிடுகின்றது. இலங்கை நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் காலைச் சூரியன் செங்குத்தாக விரைந்து மேலெழுகின்றது. இளவெயிலின் மென்னொளி நெடுநேரம் நிலைப்பதில்லை. எனவே படம் எடுப்பவர் விடியலில் எழவேண்டும், அல்லது மேகமோ மூடுபனியோ வெயிலை மறைக்கும்வரை காத்திருக்கவேண்டும். சுற்றுலா வருவோர் சலித்துக்கொள்ளும் பனிமூட்டம், மலர்ப்படத்திற்கு மிகச் சிறந்த விளக்காகும். அது நாற்புறமும் ஒளியைப் பரப்பி நிழலைக் கரைத்துவிடுகின்றது. அடுத்து, நின்றவாறே கீழ்நோக்கி எடுக்கும் படம், மனிதர் எப்போதும் காணும் மலரையே காட்டும். மலரின் மட்டத்திற்கு முழந்தாளிட்டோ படுத்தோ சென்றால்தான் அதன் காம்பும் புல்லியும் மகரந்தமும் தம் வடிவை வெளிப்படுத்தும். மூன்றாவதாக, நெருங்க நெருங்கக் குவியத்தின் ஆழம் குறைந்து, மயிரிழை அசைவும் படத்தைக் கலக்கிவிடும். ஆதலால் கருவியைத் தாங்கியில் நிறுத்தி, துவாரத்தை எஃப் 8, எஃப் 11 என்னும் அளவுகளுக்குச் சுருக்கி, இரு காற்றலைகளுக்கு இடையிலுள்ள அமைதிக்காகப் பொறுத்திருக்கவேண்டும்.

மேலும், கருவியின் கணிப்பை அப்படியே நம்பலாகாது. ஒளிமானி தன் முன்னுள்ள யாவும் நடுத்தரச் சாம்பல் நிறமானவை எனக் கொண்டே கணக்கிடுகின்றது. வெண்ணிற ஆரம் லில்லியை அது சாம்பலாக்கிவிடும். ஒளியைச் சிறிது கூட்டினால்தான் வெண்மை வெண்மையாகத் தோன்றும். செந்நிற ரோசாவில் சிவப்பு மிகைப்பட்டு இதழின் நரம்புகள் மறைந்துவிடும். அங்கு ஒளியைக் குறைக்கவேண்டும். எல்லா மலருக்கும் ஒரே அளவு பொருந்தாது. எதிரிலுள்ள மலர் எத்தகையது என்பதை அறிந்தே அளவைத் தீர்மானிக்கவேண்டும்.

இம்முறைகளைக் கூர்ந்து நோக்கின் அவற்றினூடே ஒரு பொதுமை புலப்படும். காத்திருத்தல், தாழ்தல், அசையாதிருத்தல், முன்முடிவை விலக்குதல், ஒவ்வொன்றையும் அதன் தனித்தன்மையில் அறிதல் ஆகியவையே அப்பொதுமையாம். இவை கருவியைப் பற்றியன என்பதைவிட, கருவியை ஏந்துபவரைப் பற்றியன எனலே பொருந்தும். ஆங்கில மெய்யியலாளரான ஐரிஸ் மேர்டொக், 1970 இல் வெளிவந்த தம் நூலில், ஒழுக்க வாழ்வின் மையம் சரியான தெரிவு செய்வதன்று, சரியாகக் காண்பதே என்று வாதித்தார். தன் மனக்குறையில் அமிழ்ந்திருக்கும் ஒருவர் சாளரத்தின் வழியே வானில் நிலைத்து நிற்கும் ஒரு வல்லூற்றைக் காணும்போது, காயமுற்ற 'நான்' என்பது மறைந்து வல்லூறு மட்டுமே எஞ்சும் கணத்தை அவர் உதாரணமாகக் காட்டுகின்றார். கவனம் என்னும் இக்கருத்தை அவர் சிமோன் வெயில் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரிடமிருந்து பெற்றுக்கொண்டார். நம் மரபிலும் இதனை ஒத்த உணர்வு உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சுட்டி அடுக்குகின்றது. 'பல பூக்கள்' என்று கூறி அமையாது, ஒவ்வொன்றையும் அதன் பெயரால் அழைக்கும் அச்செயல், கவனத்தின் உச்சநிலை எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுவது இயல்பு. கொடியவர் ஒருவரும் விடியலில் எழுந்து, முழந்தாளிட்டு, காற்று ஓயும்வரை காத்திருந்து, அரியதொரு படத்தை எடுக்கக்கூடுமன்றோ? பொறுமை வேட்டையாடுவோனுக்கும் உரியதே. அவ்வாறாயின் நல்ல படத்தின் விதிகள் ஒழுக்கத்தின் விதிகள் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இத்தடை வலிமையானது; மலைநாட்டின் வரலாறே இதற்குச் சான்று பகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். அவருடைய கணவர், இந்நாட்டின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவைச் சேர்ந்தவரும் கோப்பித் தோட்ட உடைமையாளருமாவார். 1879 இல் காலமான அவ்வம்மையார் பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். மலர்களையும் தாவரங்களையும் உலகெங்கும் சென்று தீட்டிய மரியான் நோர்த் என்ற ஓவியர், களுத்துறையில் கமரன் குடும்பத்தாரின் விருந்தினராய்த் தங்கினார். மரியான் நோர்த் தீட்டிய எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் இலண்டனின் கியூ தாவரவியற் பூங்காவில் 1882 இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. கமரன் இங்கு எடுத்த படங்கள் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளரும் கனிவோடும் கண்ணியத்தோடும் காட்சி தருகின்றனர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நோர்த் தீட்டிய மலர்களுக்கு இனம், குடும்பம், இலத்தீன் பெயர் யாவும் உண்டு. கமரனின் வில்லைமுன் நின்ற மனிதருக்கோ பொதுப்பெயரே எஞ்சியது. பின்னர் பெருகிய அஞ்சலட்டைப் படங்களிலும் 'தேயிலை பறிக்கும் பெண்', 'தமிழ்க் கூலிகள்' என்ற குறிப்புகளே இடம்பெற்றன. மலரைக் கூர்ந்து நோக்கிய ஒரு காலம், அம்மலருக்கு நீர் வார்த்தவரின் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

ஆகவே மலரைக் கவனிக்கக் கற்றவர் மனிதரையும் கவனிப்பார் என்று நாம் உறுதி கூறமுடியாது. கவனம் ஒரு பயிற்சியே, நற்சான்றிதழன்று. ஏர் பிடிக்கக் கற்றவர் தம் வயலை மட்டும் உழுது நிறுத்திக்கொள்ளவும் கூடும். ஆயினும், உழக் கற்றிராதவர் எந்த வயலையும் உழமுடியாது என்பதும் உண்மை. மலர்முன் பெற்ற பொறுமையை எங்கெல்லாம் விரிக்கின்றோம் என்பதிலேதான் அது அறமாவதும் வெறுந்திறனாவதும் தங்கியுள்ளன. தடை கூறுவோருக்கு இத்துணையே விடையாகும்.

அடுத்து உண்மை பற்றிய சிக்கலை ஆராய்வோம். மலர்ப்படம் எடுப்போர் சிலர் தெளிகருவியால் இதழில் நீர் தெளித்துப் பனித்துளி போலக் காட்டுவர். விரைவில் உலர்ந்துவிடாதிருக்கக் கிளிசரின் கலப்பவரும் உளர். வாடிய இலையைக் கிள்ளி எறிதல், பூச்சியை அகற்றுதல், பின்னணியில் கறுப்புத்துணி விரித்தல், கணினியில் நிறத்தை மாற்றுதல் என்று இவை நீளும். இவற்றுள் எவை ஒப்பத்தக்கன? ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், 1790 இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் பற்றிய நூலில், இயற்கை அழகில் நேரடியாக ஈடுபடும் உள்ளம் நல்லுள்ளத்தின் அடையாளம் என்றார். அவ்வாறு ஈடுபடும் ஒருவரை ஏமாற்றும் பொருட்டு நிலத்திற் செயற்கைப் பூக்களை நட்டுவைத்து, பின்னர் அவ்வேமாற்று வெளிப்பட்டால், அவருடைய ஈடுபாடு உடனே மறைந்துபோகும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். கண்ணுக்குத் தோன்றிய வடிவும் நிறமும் மாறவில்லை. எனினும் ஈடுபாடு மறைந்தது. ஏனெனில் நாம் விரும்பியது வடிவை மட்டுமன்று, அது இயற்கையிலே உளது என்பதையுமாம்.

இவ்வுதாரணம் நமக்கு ஓர் உரைகல்லாக அமைகின்றது. உண்மை தெரிந்த பின்னரும் காண்பவரின் ஈடுபாடு குன்றாதிருக்குமாயின் அச்செயல் பொய்யன்று. குன்றுமாயின் அதிற் பொய் கலந்துள்ளது. ஒளியைத் திருப்புவதற்கு ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்ததாகக் கூறினால் எவரும் ஏமாற்றமடையார். பனித்துளி கிளிசரின் என்று கூறினால் பலர் ஏமாற்றமடைவர். கந்தப்பளையின் ஹைட்ரேஞ்சியா இதற்கு மேலும் ஒரு தெளிவைத் தருகின்றது. புளிப்பான மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சும் செடி நீலமாகவும், காரத்தன்மை மிகுந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். தேயிலைக்கு உகந்ததும் அதே புளிப்பு மண்ணே. எனவே இங்கு ஹைட்ரேஞ்சியாவின் நீலம் வெறும் அழகன்று. அது மண்ணின் வாக்குமூலம். அழகு கருதி அதனைச் சிவப்பாக்கிவிட்டு 'மலைநாட்டு மலர்' என்று பெயரிடுபவர், மலரைப் பற்றி மட்டுமன்றி நிலத்தைப் பற்றியும் பொய் கூறுகின்றார்.

இனி, நமது பொருளின் மிகக் கடினமான பகுதிக்கு வருகின்றோம். நல்ல மலர்ப்படத்தின் முதல் விதிகளுள் ஒன்று பின்னணியைத் தூய்மை செய்தல். துவாரத்தை விரித்தால் மலருக்குப் பின்னுள்ளவை மங்கிக் கரைந்துவிடும். இன்றைய கைத்தொலைபேசிகள் கணிப்பின் மூலம் இதனைத் தாமே செய்துவிடுகின்றன. பங்களாத் தோட்டத்தில் மங்குவது புல்தரையும் மரமுமாகும். லயத்து வாசலில் மங்குவது யாது? தகரக் கூரை, விரிசல் கண்ட சுவர், திறந்த கான், வரிசையாக உலரும் துணி ஆகியவை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, நாடற்றோராய் எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரசாவுரிமை பெற்ற ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்விடம் அது. அதனை ஓர் அழகிய மங்கலாக மாற்றிவிடுவது அறமாகுமா?

ஆகாது என்பர் ஒரு சாரார். வறுமையைச் சட்டகத்திற்கு வெளியே தள்ளும் அழகு, வறுமைக்கு உடந்தையாகின்றது என்பது அவர்தம் வாதம். உள்ளூர்க் கலைஞரும் எழுத்தாளரும் சமுதாயப் பொறுப்பை வற்புறுத்திய காலங்களில் இவ்வாதம் பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. தேயிலைப் பொதியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் பச்சைச் சரிவும் பூவும் புன்னகையும் மட்டுமே காட்டப்படும்போது, விலக்கப்பட்டது எதுவென்று கேட்பது நம் கடமையே.

ஆயினும் இவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றால் அது ஒரு புதிய அநீதியில் முடிகின்றது. பங்களாத் தோட்டத்து ரோசா, தனக்காகவே அழகாயிருக்க உரிமை பெற்றுள்ளது. லயத்து ரோசா மட்டும் எப்போதும் கானையும் விரிசற் சுவரையும் துணைக்கழைத்து, துன்பத்தின் சின்னமாகவே நிற்கவேண்டுமா? காலையிற் பெரட்டுக்குச் சென்று, மாலைவரை மலையில் நின்று, வீடு திரும்பிய பின் ஒரு தகரப் பேணியில் நீர் வார்க்கும் பெண், அச்செடியைச் சின்னமாக வளர்க்கவில்லை. அவள் அழகை விரும்பினாள், அதனால் வளர்த்தாள். கானை மறைக்குமிடத்தில் செடியை வைத்ததன் மூலம் அவளே ஒரு சட்டகத்தை வகுத்துவிட்டாள். பூந்தோட்டம் என்பதே ஒரு தெரிவு. அவள் விலக்கியதை வலிந்து உள்ளே இழுத்துவந்து 'இதுவே உண்மை' என்று காட்டும் வில்லை, அவளுடைய தெரிவை மறுதலிக்கின்றது. மறைப்பவர் அவளது வறுமையை மறுக்கின்றார். வறுமையை மட்டுமே காட்டுபவரோ அவளது அழகுணர்வை மறுக்கின்றார். இரண்டும் அவளை முழுமனிதராகக் காணாமையின் விளைவுகளே.

எனவே, சட்டகத்தினுள் எது இருக்கவேண்டும் என்ற வினாவுக்குப் பொதுவிதி இல்லை. சட்டகத்தை யார் வகுப்பது, எதற்காக வகுப்பது என்பனவே முன்னிற்கும் வினாக்கள். வாழ்விடத்தின் நிலையை உலகறியச் செய்வதற்கு எடுக்கும் படத்தில் கானும் சுவரும் இடம்பெறவேண்டும். அங்கு அவற்றை மங்கச் செய்தல் பொய். மலரைப் போற்றுவதற்கு எடுக்கும் படத்தில் மலர் மட்டும் இருக்கலாம். ஆனால் அப்படத்தைக் கொண்டு 'இவ்வூரில் எல்லாம் இனிது' என்று கூறலாகாது. விலக்குதல் பொய்யாவதில்லை, விலக்கப்பட்டது இல்லையென்று சாதிப்பதே பொய்யாகின்றது.

இத்தொடர்பில் நம் மொழி வழக்கு ஒன்றும் சிந்திக்கத்தக்கது. தமிழிற் படம் 'எடுக்கின்றோம்', 'பிடிக்கின்றோம்'. தோட்டங்களில் கொழுந்தும் 'எடுக்கப்படுகின்றது'. ஒளிப்படக்கலை பற்றி 1977 இல் நூல் வெளியிட்ட சூசன் சொன்டாக், படம் எடுத்தல் என்பது எடுக்கப்படும் பொருளைத் தனதாக்கிக்கொள்ளலே என எச்சரித்தார். மலரைப் பொறுத்தவரை இவ்வெடுப்பால் அதற்கு இழப்பொன்றுமில்லை. பறிப்பதைவிடப் படம் எடுப்பது மென்மையானது. மனிதரைப் பொறுத்தவரை அவ்வாறன்று. கொழுந்து எடுக்கும் பெண்ணை, சரிவில் மலர்ந்த ஒரு வண்ணப்பூவைப் போலக் கருதி, கேளாமலும் பெயரறியாமலும் எடுத்துச் செல்பவர், கொழுந்து எடுப்பவளிடமிருந்தே மற்றுமொன்றை எடுத்துச் செல்கின்றார். படத்திற்கு நிற்க அவர்களுட் சிலர் பணம் கேட்பதைப் பயணிகள் குறைகூறுவதுண்டு. தம் தோற்றமும் உழைப்பின் ஒரு பகுதியே என்று உணர்ந்தவர் அதற்கு விலை கேட்பதில் வியப்பில்லை. மலர் கேட்பதில்லை, கேட்கமுடியாது. கேட்கமுடிந்தவரைக் கேட்கமுடியாததைப் போல நடத்துவதே தவறு.

இறுதியாக, மலைநாட்டிற் படம் எடுப்போர் பெரிதும் கருதாத ஒரு மலரைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். அது தேயிலைப் பூ. தேயிலைச் செடி கமீலியா இனத்தைச் சேர்ந்தது. வெண்ணிற இதழும் நடுவே அடர்ந்த பொன்னிற மகரந்தத் தாள்களும் கொண்ட சிறு பூவைப் பூப்பது. ஆனால் தோட்டத்தில் பூ வேண்டப்படுவதில்லை. கிழமைக்கு ஒருமுறை அளவில் கொழுந்து எடுத்தும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டியும், செடியின் வலு முழுவதும் இலைக்கே திருப்பப்படுகின்றது. வெட்டுத்தண்டுகளிலிருந்து கன்று உண்டாக்கும் முறை பரவிய பின்னர், விதைக்காகவும் பூ தேவைப்படுவதில்லை. கைவிடப்பட்ட செடியிலும் எடுபடாத ஓரக் கிளையிலுமே அது காணப்படுகின்றது. அப்பூ தலைகவிழ்ந்து இலையடியில் மறைந்திருக்கும். நின்றுகொண்டு பார்ப்பவருக்கு அது புலனாவதில்லை. நாம் மேலே கண்ட விதிகள் யாவும், தாழ்தலும் காத்திருத்தலும் வெண்மைக்கேற்ப ஒளியைத் திருத்தலும், இப்பூவின் முன் ஒருங்கே வேண்டப்படும். ஒரு நூற்றாண்டிற்கு மேலாக ஒரு செடியிடம் இலையை மட்டுமே கேட்டு வந்தோம். அதற்குப் பூவும் உண்டு என்பதை மறந்தோம். அச்செடியோடு வாழ்ந்த மக்களிடமும் அவ்வாறே உழைப்பை மட்டும் கேட்டு வந்தோம் என்பதைக் கூறாமலே உணரலாம்.

மேற்கூறியவற்றால் நாம் பெறக்கூடிய முடிவுகள் சிலவே. மலருக்குத் தீங்கு செய்யாமை, காண்பவரை ஏமாற்றாமை, வளர்த்தவரை மறவாமை என்னும் மூன்றும் நல்ல மலர்ப்படத்தின் அறங்கள். இவற்றுள் மூன்றாவதே நம்மால் எளிதிற் செய்யக்கூடியது. ஆயினும் மிகுதியும் செய்யாது விடுவது. லயத்து வாசலிலோ பங்களாத் தோட்டத்திலோ ஒரு மலர்முன் முழந்தாளிடுமுன், அதனை வளர்த்தவரிடம் அனுமதி கேட்கலாம். அவர் அச்செடியை என்ன பெயரால் அழைக்கின்றார் என்று கேட்டறியலாம். எங்கிருந்து பார்த்தால் அது நன்றாயிருக்கும் என்று அவரையே வினவலாம். நாள்தோறும் காண்பவர் அவரே. காலை ஒளி எந்நேரத்தில் அவ்வாசலில் விழும் என்பதை எந்த நூலைக்காட்டிலும் அவர் நன்கறிவார். அவர் விரும்பின் படத்தினடியில் அவர் பெயரையும் எழுதலாம். படத்தின் ஒரு பிரதியை அவருக்குக் கொடுக்கலாம். இவ்வாறு செய்வதால் படமும் சிறக்கும் என்பது தற்செயலன்று. நன்றாகக் காண்பதற்குரிய வழியும் நன்றாக நடப்பதற்குரிய வழியும் எப்போதும் ஒன்றல்ல. ஆனால் ஒரு பூச்செடியின் முன் அவை இரண்டும் நெடுந்தூரம் இணைந்தே செல்கின்றன.